தணிக்கை அதிகாரியின் அலமாரியில் தங்கிப்போன ஓபராக்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: “18ஆம் நூற்றாண்டு ஆங்கில நகைச்சுவை ஓபராக்களின் கையெழுத்துப் பிரதிகள் கலிஃபோர்னியாவில் ஒரு நூலகத்தில் இருப்பதாகப் படித்தேன். அவற்றிலிருந்து பாட்டுகளின் இசை கிடைக்குமா? அச்சுப் புத்தகங்களே இருக்கும்போது கையெழுத்துப் பிரதியைத் தேடிப் போய் என்ன லாபம்?”

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இசை கிடைக்காது. அங்கே இருப்பவை வசனமும் பாட்டு வரிகளும் மட்டும்தான். ஒரு ஸ்வரம்கூட இருக்காது என்று நினைத்துக்கொண்டே போனால் ஏமாற்றம் இல்லை. இரண்டாம் பாதிக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த ஓபராக்களின் சொல்லும் இசையும் வேறு வேறு வழியில் பிரிந்து போய்விட்டன. சொல், அதை வெட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்தது. இசை, அதைப் போற்றிய நாடகக் கொட்டகைகளுக்குள்ளேயே எரிந்து போனது.

ஓபரா என்றதும் முழுக்க முழுக்கப் பாடுகிற இத்தாலிய ஓபராவை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கில நகைச்சுவை ஓபராவில் வசனத்தைப் பேசுவார்கள். நடுநடுவே பாட்டு வரும். 1728 ஜனவரியில் லண்டனில் மேடையேறிய ஜான் கேயின் ‘பெக்கர்ஸ் ஓபரா’தான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி. தெருவில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டுகளுக்குப் புது வரிகள். திருடர்களும் சிறைக்காவலர்களும் பாத்திரங்கள். அவர்கள் சாக்கில் அன்றைய பிரதமர் ராபர்ட் வால்போலுக்கு நல்ல குத்து. முதல் பருவத்திலேயே 62 இரவுகள் ஓடியது. அதன் தொடர்ச்சியாக கே எழுதிய ‘பாலி’யை மேடையேற்றவே விடவில்லை. 1777 வரை அது அச்சில் மட்டுமே இருந்தது. 1762 டிசம்பரில் லண்டனின் கோவென்ட் கார்டன் கொட்டகையில் வந்த ‘லவ் இன் எ வில்லேஜ்’தான் அடுத்த திருப்பம். ஐசக் பிக்கர்ஸ்டாஃப் எழுத்து. தாமஸ் ஆர்ன் பல இசையமைப்பாளர்களின் மெட்டுகளைச் சேர்த்து, தன்னுடையதையும் கலந்து கோத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு லண்டன் மேடையில் நல்ல வசூல் தந்தது இந்த வகைதான்.

இப்போது நீங்கள் கேட்ட தொகுப்புக்கு வருகிறேன். மேடையில் தன்னைக் கிழிப்பதைப் பொறுக்க முடியாத வால்போல் 1737இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதிதாக எதை மேடையேற்றுவதென்றாலும், குறைந்தது 14 நாள் முன்னதாக அதன் பிரதியை லார்ட் சேம்பர்லினின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அரண்மனை நிர்வாகத்தின் தலைவர் அவர். அவருக்குக் கீழே நாடகங்களைப் படித்துப் பார்க்க ஓர் அதிகாரி. புது நாடகம் மட்டுமில்லை. பழைய நாடகத்தில் சேர்த்த காட்சி, முன்னுரைப் பாட்டு, முடிவுரை எல்லாமே போக வேண்டும். ஓபராவில் பாடுவதற்கு வரிகள் இருந்ததால் அதுவும் போனது. ஸ்வரத்தில் ராஜதுரோகம் செய்ய முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ, இசையை யாரும் கேட்கவில்லை.

1778இல் அந்த வேலைக்கு வந்தவர் ஜான் லார்பென்ட். 1824இல் சாகும்வரை அவர்தான். அனுப்பப்பட்ட பிரதிகளைக் கொட்டகைக்குத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லாததால், தனக்கு முன்பிருந்தவர்கள் காலத்தவையும் சேர்த்து எல்லாவற்றையும் அவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் இறந்ததும் மனைவி ஆனா மார்கரெட்டா லார்பென்டிடமிருந்து ஜான் பெய்ன் காலியரும் தாமஸ் அமியட்டும் மொத்தக் கட்டையும் 180 பவுண்டுக்கு வாங்கினார்கள். இந்தக் காலியர், ஷேக்ஸ்பியர் புத்தகங்களின் ஓரங்களில் பழைய கையெழுத்துப் போலப் போலிக் குறிப்புகள் எழுதி மாட்டிக்கொண்ட அதே மனிதர்தான். அதனால் இந்தத் தொகுப்பில் பின்னால் சேர்ந்த பென்சில் குறிப்பு எதையாவது பார்த்தால் நான் ஒரு கணம் நின்று யோசிப்பேன். 1853இல் எல்ஸ்மியர் பிரபுவிடம் போனது. 1917இல் ஹென்றி ஹன்டிங்டன் அந்தப் பிரபு குடும்பத்தின் நூலகத்தையே வாங்கியபோது, நாடகக் கட்டுகளும் கூடவே கப்பலேறின. இன்று கலிஃபோர்னியாவின் சான் மரினோவில், ஹன்டிங்டன் நூலகத்தில், லார்பென்ட் தொகுப்பு என்ற பெயரில் இருக்கின்றன. ஏறக்குறைய 2,500 பிரதிகள். டூகால்ட் மக்மில்லன் தயாரித்த பட்டியல் 1939இல் வெளிவந்தது. இன்றும் அதைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

லார்பென்ட் பயங்கரமான ஆள் என்று நினைக்க வேண்டாம். முழுதாகத் தடை செய்தது குறைவு. தெய்வத்தின் பெயரை லேசாக இழுக்கிற வரி, பைபிளைக் கிண்டலாகத் தொடுகிற வரி, அமைச்சர்களைக் குத்துகிற வரி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ‘சுதந்திரம்’ என்று உரக்கக் கத்துகிற வரி, இவற்றின் மேல் மையால் கோடு விழும். மனைவி ஆனாவும் சும்மா இருக்கவில்லை. அவருடைய நாட்குறிப்புகளும் ஹன்டிங்டனிலேயே இருக்கின்றன. கணவரிடம் வந்த நாடகங்களை உட்கார்ந்து படித்ததையும் அபிப்பிராயம் சொன்னதையும் அவற்றில் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் மேடைத் தணிக்கையில் ஒரு பகுதி சாப்பாட்டு மேசையில் நடந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. மேடையேறிய வடிவத்தை மட்டும் பார்த்தால் இந்த வெட்டுகளில் ஒன்றும் தெரியாது.

பிரதிகள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் நாடக ஆசிரியரின் சொந்தக் கையெழுத்து அல்ல. கொட்டகையில் கூலிக்குப் பிரதி எடுப்பவர்கள் எழுதியவை. அவசரமானால் முதல் அங்கம் ஒரு கையிலும் இரண்டாம் அங்கம் வேறு கையிலும் இருக்கும். முதல் தாளில் நிர்வாகியின் இரண்டு வரி விண்ணப்பம்: இந்த நாடகத்துக்கு லார்ட் சேம்பர்லின் அனுமதி கிடைத்தால் இன்ன கொட்டகையில் நடிக்க உத்தேசம், கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தேதியையும் முதல் காட்சியின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் சொன்ன 14 நாளை யார் மதித்தார்கள், யார் கடைசி நேரத்தில் ஓடி வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

சரி, லாபம் என்ன? அச்சில் வராதவை இங்கே இருக்கின்றன. நகைச்சுவை ஓபராவைப் பொறுத்தவரை இதுதான் பெரிய விஷயம். அன்றைய வழக்கப்படி பாட்டு வரிகளை மட்டும் சிறு புத்தகமாக அச்சடித்துக் கொட்டகை வாசலில் விற்பார்கள். வசனத்தை அச்சடிக்காமல் நிர்வாகி பெட்டிக்குள் வைத்துக்கொள்வார். அச்சில் வந்துவிட்டால் எந்த ஊர்க் கொட்டகையும் ஓசியில் நடித்துவிடும் அல்லவா? ஜான் ஓ'கீஃப் என்ற அயர்லாந்து எழுத்தாளருக்கு நடந்ததைப் பாருங்கள். கண்பார்வை கிட்டத்தட்ட போய்விட்ட நிலையில், சொல்லச் சொல்லப் பிறர் எழுத, வரிசையாக ஓபராக்கள் கொடுத்தவர். 1798இல் தன் நாடகங்களை நான்கு தொகுதிகளாக வெளியிட்டபோது, அவருக்கு மிகுந்த பெயர் வாங்கிக் கொடுத்த ‘தி அக்ரீயபிள் சர்ப்ரைஸ்’ போன்ற சிலவற்றைச் சேர்க்க முடியவில்லை. ஹேமார்க்கெட் கொட்டகைக்காரர் கோல்மனிடம் உரிமையை விற்றிருந்தார், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திருட்டுப் பதிப்புகள் கிடைக்கும். அவற்றை எந்த அளவு நம்புவது என்பது வேறு கதை. இப்படிப்பட்ட நாடகத்துக்குத் தணிக்கைப் பிரதிதான் நம்பத்தக்க சாட்சி.

ஷெரிடன் என்ற நாடக ஆசிரியரின் ‘தி டுயென்னா’ இன்னும் சுவாரசியம். 1775 நவம்பர் 21இல் கோவென்ட் கார்டனில் தொடங்கி அந்தப் பருவத்தில் 75 இரவுகள் ஓடியது; ‘பெக்கர்ஸ் ஓபரா’வின் 62ஐயே தாண்டிவிட்டது. இதன் இசை உருவான விதமே தனி. இசையமைப்பாளர் தாமஸ் லின்லி, ஷெரிடனின் மாமனார். இருந்தது பாத் நகரத்தில். மாப்பிள்ளை லண்டனிலிருந்து தபாலில் வரிகளை அனுப்பி, இந்தப் பாட்டு இன்ன மாதிரி இருக்கட்டும், இதற்கு இன்ன பழைய மெட்டு என்று கடிதம் எழுதுவார். மாமனார் போட்டு அனுப்புவார். முகவுரை இசையையும் வேறு சில உருப்படிகளையும் மச்சான், இளைய தாமஸ் லின்லி அமைத்தார். மூன்றே ஆண்டு கழித்து, 22 வயதில், அந்தப் பையன் படகு கவிழ்ந்து இறந்துபோனான்.

இவ்வளவு ஓடிய நாடகத்தின் அங்கீகரித்த அச்சுப் பதிப்பு 1794 வரை வரவில்லை. வெளியூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? யார்க் பக்கத்துக் கொட்டகைகளை நடத்திய டேட் வில்கின்சன் லண்டனில் நாடகத்தைப் பார்த்துவிட்டு, அச்சான பாட்டுப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நினைவில் நின்ற நகைச்சுவைகளை இடையிடையே செருகித் தானே ஒரு நாடகத்தைக் கோத்துவிட்டார். அதை ஒளிக்கவும் இல்லை. தன் நினைவுக் குறிப்பில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். டப்ளினில் ‘தி கவர்னஸ்’ என்று பெயரை மாற்றி மேடையேற்றினார்கள். ஆகவே பழைய அச்சுப் பிரதி ஒன்று கையில் கிடைத்தால், அது ஷெரிடன் எழுதியதா, யாரோ ஒருவரின் ஞாபக சக்தியா என்று பார்த்தாக வேண்டும். ஒத்துப் பார்ப்பதற்குக் கையெழுத்துப் பிரதி இல்லாமல் முடியாது. டப்ளினைப் பற்றி இன்னொன்று: 1737 சட்டம் அயர்லாந்துக்குச் செல்லாது. முதலில் அங்கே அரங்கேறிய நாடகம் என்றால், அது பிறகு லண்டனுக்கு வந்திருந்தால்தான் லார்பென்ட் தொகுப்பில் தேடுவதில் பொருள் உண்டு.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். தணிக்கைக்குப் போன பிரதிதான் மேடையில் நடித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது முதல் இரவுக்குப் பல நாள் முந்தைய நிலை. அப்புறம் ஒத்திகையில் பாட்டு மாறும். பாடகி தனக்கு இந்த உருப்படி ஒத்துவராது என்பார். முதல் இரவில் சனம் கூச்சல் போட்டால் இரண்டாம் இரவில் ஒரு காட்சியே காணாமல் போகும். அச்சுப் பிரதியோ பெரும்பாலும் முதல் இரவுக்குப் பிறகு வருவது. அதில் மேடையில் விட்டுவிட்ட வரிகளை மேற்கோள் குறிக்குள் அச்சிடுகிற வழக்கமும் இருந்தது. கையெழுத்துப் பிரதி, பாட்டுப் புத்தகம், அச்சான நாடகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஒரு ஓபரா எப்படி நகர்ந்தது என்று பிடிபடும்.

இனி இசை. ஒரு கொட்டகையில் ஓபரா நடக்க வேண்டுமென்றால் எல்லா வாத்தியங்களின் இசையையும் ஒன்றாக எழுதிய முழு ஸ்கோரும், ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியே எழுதிய தாள்களும் வேண்டும். இவை கொட்டகையின் சொத்து, அங்கேயே இருக்கும். 1808 செப்டம்பரில் கோவென்ட் கார்டன் எரிந்தது. ஐந்து மாதம்தான், 1809 பிப்ரவரி 24 இரவு டிரூரி லேனும் எரிந்தது. தீ பரவாமல் இருக்க இரும்புத் திரையும் கூரையில் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டிய கொட்டகை அது! லண்டனின் இரண்டு பெரிய கொட்டகைகளிலும் எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்த இசைத் தாள்கள் இப்படி அரை ஆண்டுக்குள் போய்விட்டன.

மிஞ்சியது கடையில் விற்ற அச்சு நோட்டு. அது வீட்டில் ஹார்ப்சிகார்ட் (பியானோ போன்ற பழைய வாத்தியம்) வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கியது. பாடகர் வரி, கீழே மந்திர ஸ்தாயி வரி, இடையில் எங்காவது ‘ஓபோ’, ‘கொம்பு’ என்று ஒரு சொல். கொம்பு என்ன வாசித்தது, வயலின்கள் எப்படிப் பிரிந்தன என்பதெல்லாம் இருக்காது. வில்லியம் ஷீல்டின் ‘ரொசினா’வின் முகவுரை இசை, ‘ஆல்ட் லாங் சைன்’ என்று இன்று உலகமே பாடுகிற மெட்டைப் போன்ற ஒன்றோடு முடியும். அரங்கேறியது 1782 டிசம்பர் 31 என்பது இன்னும் வேடிக்கை. அது பேக்பைப் மாதிரி ஒலிக்க வேண்டும். ஹார்ப்சிகார்ட் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஒலியை ஊகிக்க வேண்டியதுதான். ஆர்னின் ‘தாமஸ் அண்ட் சாலி’ போல முழு ஸ்கோரும் அச்சான ஓபராக்கள் விதிவிலக்கு. முழு ஸ்கோரை அச்சடித்தால் வாங்க ஆள் கிடையாது. இசையமைப்பாளருக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. ‘தி பேட்லாக்’ என்ற பெருவெற்றிக்கு சார்ல்ஸ் டிப்டின் வாங்கியது வெறும் 45 பவுண்டு.

இந்தச் சாம்பலிலிருந்து தப்பிய ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஸ்டீபன் ஸ்டொராச்சே, லண்டனில் பிறந்து நேப்பிள்ஸில் படித்தவர். தங்கை நான்சி வியன்னாவில் பாடகி. 1786இல் மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ அரங்கேறியபோது முதல் சூசன்னா அவர்தான். அண்ணனும் வியன்னாவில் இரண்டு ஓபராக்கள் போட்டுவிட்டு லண்டன் திரும்பினார். 33 வயதில் இறப்பதற்குள் டிரூரி லேனுக்கு அவர் கொடுத்த ஆங்கில ஓபராக்களில், முழு ஸ்கோராக மிஞ்சியது ஒன்றே ஒன்று: 1790 ஏப்ரல் 16இல் வந்த ‘நோ சாங், நோ சப்பர்’. பாட்டு இல்லையேல் சாப்பாடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிகள் பிரின்ஸ் ஹோர் எழுதியவை. இளவரசர் இல்லை, பெயரே பிரின்ஸ். கையெழுத்து ஸ்கோர் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் நூலகத்தில் இருக்கிறது. ரோஜர் ஃபிஸ்க் அதைத் திருத்தி 1959இல், பழைய பிரிட்டிஷ் இசையைப் பதிப்பிக்கும் ‘மியூசிகா பிரிட்டானிகா’ வரிசையின் 16ஆம் தொகுதியாகப் பதிப்பித்தார்.

இதில் ஓர் இடம் எனக்கு அலுப்பதே இல்லை. புருஷன் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரி ஒரு வக்கீலுக்கு விருந்து வைக்கிறாள். திடீரென்று புருஷன் வந்து கதவைத் தட்ட, வறுத்த ஆட்டுத்தொடை ஒரு பக்கம் ஒளிகிறது, கேக் இன்னொரு பக்கம், வக்கீல் ஒரு சாக்குக்குள். வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை என்கிறாள். இதையெல்லாம் பார்த்துவிட்ட மார்கரெட்டா என்ற நாடோடிப் பாடகி பசியோடு நிற்கிறாள். ஒரு பாட்டுப் பாடு என்று கேட்கிறார்கள். அவள் பாடுகிற ஒவ்வொரு சரணமும் ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுக்கிறது: முதலில் ஆட்டுத்தொடை, அப்புறம் கேக், கடைசியில் சாக்கு. மார்கரெட்டாவாக நடித்தது நான்சி. கிராமத்துப் பாட்டு போல எளிமையான மெட்டு. கதை முழுவதும் அந்த மெட்டின் மேல்தான் திரும்புகிறது. இன்னொரு விஷயம், இந்த ஓபராவில் ஸ்டொராச்சே தன் வியன்னா ஓபரா ‘லி எக்விவோச்சி’யிலிருந்து சில பகுதிகளை எடுத்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார். 1792இன் ‘தி பைரட்ஸ்’ஸிலும் அப்படித்தான். ஆகவே ‘தி பைரட்ஸ்’ஸின் லண்டன் ஸ்கோர் போனாலும், வியன்னா வடிவத்தை வைத்துச் சில இடங்களில் வாத்தியங்கள் எப்படி ஒலித்தன என்று நெருங்க முடிகிறது. ஒரு பாட்டை இரண்டு ஊரில் விற்றது இருநூறு ஆண்டு கழித்து நமக்கு உதவுகிறது.

நம் பக்கத்தோடு உண்மையிலேயே தொடர்புள்ள ஒரு நூலும் உண்டு. ஸ்டொராச்சேவுக்கு ‘தி ஹான்டட் டவர்’, ‘தி சீஜ் ஆஃப் பெல்கிரேட்’, ‘தி பைரட்ஸ்’ எல்லாம் எழுதித் தந்த ஜேம்ஸ் காப், பகலில் லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தா. 1814இல் அங்கேயே செயலாளர் ஆனார். இந்தியக் கடிதங்களும் கணக்குகளும் புழங்கிய அலுவலகத்தில் இருந்தவர், மாலையில் ஓபரா எழுதினார். 1788இல் கல்கத்தாவில் நடக்கும் ‘லவ் இன் தி ஈஸ்ட்’. இசை நாம் பார்த்த அதே லின்லி. 1798 நவம்பரில் கோவென்ட் கார்டனில் ‘ராமா டிரூக்’. இசை ஜோசப் மஸ்ஸிங்கியும் வில்லியம் ரீவும். ‘டிரூக்’ என்பது வேறொன்றுமில்லை, நம் துர்க்கம்தான். மைசூர்ப் பக்கத்து மலைக்கோட்டை ஒன்றில் பிடிபட்ட ஆங்கிலேயப் படையினர், ஒரு ராஜா, மதுவால் நடக்கும் ‘அற்புத வைத்தியம்’ என்று போகும் கதை. இது ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கம்பெனி ஊழியர் ஒருவர் போர் நெருங்கிய நேரத்தில் தென்னாட்டுக் கோட்டையை எப்படிச் சிரிப்பாக்கினார் என்பதை, அச்சான வடிவத்தைப் படித்துவிட்டு, பிறகு லார்பென்ட் பட்டியலில் தலைப்பைத் தேடி ஒத்துப் பார்க்கலாம். தமிழிலிருந்து யாராவது இதில் இறங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை.

நடைமுறைக்கு: சான் மரினோவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். லார்பென்ட் பிரதிகளை ஆடம் மேத்யூ நிறுவனம் மின்வடிவாக்கி நூலகங்கள் வழியாகத் தருகிறது. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1824க்குப் பிந்தைய தணிக்கைப் பிரதிகள் வேண்டுமென்றால் அவை லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஆனால் உங்கள் நூற்றாண்டுக்கு அவை தேவைப்படாது. தேடும்போது இசையமைப்பாளர் பெயரை வைத்துத் தேடாதீர்கள். இது நாடகப் பட்டியல். தலைப்பையும் நாடக ஆசிரியரையும்தான் அது அறியும். தலைப்பும் மாறியிருக்கலாம், ஏனென்றால் தணிக்கைக்குப் போகும்போது ஒரு பெயர், சுவரொட்டியில் வேறு பெயர் என்பது சாதாரணம். தலைப்பு சிக்கவில்லையென்றால் முதல் காட்சியின் தேதியைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய ஒரு மாதத்துப் பதிவுகளைப் பாருங்கள்.

முதல் பிரதியாக ‘நோ சாங், நோ சப்பர்’ஐயே எடுங்கள். சின்னது, இரண்டே அங்கம். ஃபிஸ்கின் பதிப்பை ஒரு பக்கம் விரித்து வையுங்கள். மார்கரெட்டாவின் பாட்டு வரும் இடத்தில் இரண்டிலும் வரிகள் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.